பேசித் தீர்த்துக்கலாமுங்க

கேள்வி கேட்ட தம்பி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு கற்பனை ஊர். அங்கே எல்லாம் தலைகீழ். ஆறு மணிக்கு மேல் ஆம்பளைப் பிள்ளைகள் வெளியே போகக் கூடாது. பஞ்சாயத்துத் திண்ணையில் சேலை கட்டியவர்கள்தான் உட்காருவார்கள். மாணிக்கம் என்ற இருபது வயதுப் பையனை நான்கு பெண்கள் கரும்புக்காட்டில் வைத்து நாசம் செய்துவிடுகிறார்கள். ஊர் கூடி, நால்வரில் மூத்தவளையே அவன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறது. கதையைப் படித்த ஆண் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கூடப் படித்த பெண் மட்டும் "சிரிப்பு வந்துச்சு, அப்புறம் எரிச்சல் வந்துச்சு" என்றாராம். மாமா ஒருவர் "நம்ம ஊரைக் கேவலப்படுத்தாதே" என்றாராம். பாலியல் வன்முறையை வைத்து நையாண்டி எழுதலாமா, எழுதினால் எப்படி என்பதுதான் கேள்வி.

தாராளமாக எழுதலாம். இந்த விஷயத்தில் கண்ணீர்க் கதைகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. படிப்பவர் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். சிரித்தவரால் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது, எதற்குச் சிரித்தோம் என்பது ராத்திரி வந்து உறுத்தும். நான் கோபியில் இருபது வருஷத்துக்கு மேலாக வக்கீல் தொழில் பார்க்கிறேன்; கதைப் பைத்தியம் அதற்கும் முந்தியது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த நண்பர்களின் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். "ஆம்பளைக்குப் போய் இப்படியா" என்பதுதான் அவர்களுக்கு வேடிக்கை. அதாவது சிரிப்பு முழுக்க மாணிக்கத்தின் மேல் விழுந்திருக்கிறது, அடிபட்டவன் மேல். உங்கள் தோழிக்கு எரிச்சல் வந்ததும் அங்கேதான் என்று நினைக்கிறேன். உங்கள் கதையில் கரும்புக்காடு ஒன்றரைப் பக்கம், பஞ்சாயத்து எட்டே வரி. இதைத் திருப்பிப் போடுங்கள். காட்டுக்குள் நடந்ததற்கு ஒரு வரிகூட அதிகம்.

புதுமைப்பித்தன் 1934-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். 'பொன்னகர'த்தில் ஆலையில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். சந்துக்குள் என்ன நடந்தது என்று அவர் எழுதவே இல்லை. அவள் சம்பாதித்த முக்கால் ரூபாய்தான் நமக்குக் காட்டப்படுகிறது. அடுத்த வரியில் ஆசிரியர் நம் பக்கம் திரும்பிக் கற்பைப் பற்றி ஒரு குத்துக் குத்துவார். கதை மூன்று, நான்கு பக்கம்தான்.

சரி, நம்ம பக்கத்துச் சரக்குக்கு வருவோம். கொங்குநாட்டில் நையாண்டி எழுதுகிறவனுக்குக் கிடைத்திருக்கும் பெரிய ஆயுதம் 'ங்க'. மரியாதைக்கு நாங்கள் பேர் போனவர்கள். சினிமாக்காரர்கள் அதை வைத்தே எங்களைக் கிண்டல் செய்வார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் "கொஞ்சம் அக்கட்டால போங்க" என்றுதான் சொல்லுவோம். அந்த 'ங்க' என்னென்ன வேலை செய்யும் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஊரும் வருஷமும் சொல்ல மாட்டேன். கோர்ட் வராண்டா, பங்குனி வெயில். சாட்சி சொல்ல வந்திருந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. எதிரித் தரப்பில் ஒரு பெரியவர், பையனுக்குத் தாய்மாமன், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வாசலில் எளநி வெட்டுகிறவரிடம் ஒன்றைச் சீவி, குழாய் போட்டு வாங்கி வந்தார். "புள்ளைக்கு வெயிலுங்க, குடிக்கட்டுமுங்க" என்று அவள் அம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா வாங்கிவிட்டார். மரியாதையாகக் கொடுத்ததை வாங்காமல் இருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. அப்புறம் அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்து குரலை இறக்கினார். "நாளைக்கு இந்தப் புள்ளைக்கும் ஒரு நல்லது நடக்கோணுமுங்களே. பேசித் தீர்த்துக்கலாமுங்க." நான் போய் அவரை எழுப்பி அனுப்பினேன். "கோவிச்சுக்காதீங்கம்மிணி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் எளநியைக் கையிலேயே வைத்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சி விவகாரம் வெளியே வந்தபோது, எல்லோர் செல்போனிலும் ஓடிய அந்தப் பெண்குரலை நினைத்துப் பாருங்கள். அதில் 'அண்ணா' இருந்தது, 'ங்க' இருந்தது. அடிக்கிறவனிடம் மரியாதைச் சொல்லையும் உறவுச் சொல்லையும் சேர்த்து நீட்டியது அந்தக் குரல். இரண்டுமே காப்பாற்றவில்லை. இதை நேராக எடுத்துக் கதையில் வைத்துவிடாதீர்கள், அது அந்தப் பெண்ணுடையது. ஆனால் மரியாதையும் முறைச்சொல்லும் எந்த இடத்தில் வேலை செய்யாமல் போகின்றன என்பதை எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது.

'பேசித் தீர்த்துக்கலாமுங்க' என்பதுதான் உங்கள் கதையின் வில்லன் என்பது என் கட்சி. அந்த நான்கு பெண்களுக்கு இரண்டாம் இடம்தான்.

திண்ணையில் உட்கார்ந்தவர்கள் மட்டும்தான் இப்படிப் பேசுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பாலியல் வன்புணர்வு வழக்கில் சமரசம் ஆகிவிட்டது என்பதைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் 2015 ஜூனில், கீழ்க்கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரச மையத்தில் பேசிப் பார்க்கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் உத்தரவு வந்தது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்து, அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றார்கள். நையாண்டி எழுத உட்கார்ந்தவன் மிகைப்படுத்தக்கூட வழியில்லாமல் முழிக்கிற இடம் இது. அதனால் மிகைப்படுத்த முயலாதீர்கள். இந்த உண்மையை இன்னொரு இடத்துக்கு நகர்த்திவிட்டால் போதும்.

எங்கே நகர்த்தலாம்? மாட்டுச் சந்தைக்கு. அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்க்கடைக்கோ கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கோ போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். தரகர் தோள் துண்டை எடுத்துத் தன் கை மேலும் எதிராளி கை மேலும் போட்டுக்கொள்வார். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன் (கொத்துக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெரியதனக்காரர்):

கொத்துக்காரர் துண்டை உதறிப் போட்டார். உள்ளே தரகர் கையும் பொண்ணோட அப்பன் கையும் போயின. "வயசு என்னங்க?" என்றார் தரகர். "பதினாறுங்க." "பல்லைப் பார்த்தாத் தெரிஞ்சு போயிருமுங்க." கூட்டம் தலையாட்டியது. "சுழி எப்படிங்க?" என்று ஒருவர் கேட்டார். "சுழி சரியில்லீங்க, ராத்திரியில போன் பேசுமாமுங்க" என்றார் இன்னொருவர். சுழியில் கோளாறு என்றால் விலை பாதியாகும் என்பது சந்தைக்கு வந்த குழந்தைக்கும் தெரியும். திடீரென்று தரகர் பதறினார். "அய்யோ சாமி, அவ்வளவு கேக்காதீங்க, பையனுக்குச் சின்ன வயசு." அப்பன் விரலையே அசைக்கவில்லை என்பது துண்டுக்கு மட்டும் தெரியும். பொண்ணோட அம்மா முன்னே வந்து தன் கையை நீட்டினாள். "பொம்பளைங்க துண்டுக்குள்ள கை வுடறது மொறை இல்லீங்க" என்று நாலா பக்கமிருந்தும் மரியாதையாகச் சொன்னார்கள். விலை படிந்தது. கைகொடுத்துக் கொண்டார்கள். "பொண்ணைக் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை சம்மதம் கேட்டுப்போடலாம்" என்றார் கொத்துக்காரர். பொண்ணு சந்தையிலேயே இல்லை. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை.

அவ்வளவுதான். பெண்ணுக்கு என்ன நடந்தது என்று ஒரு சொல் இல்லை. அவள் அங்கே இல்லவும் இல்லை. சிரிப்பு வந்தால் துண்டு மேல் வரும், சுழி மேல் வரும். "இதெல்லாம் ரொம்ப ஓவர்" என்று யாராவது சொன்னால் பதில் கையில் இருக்கிறது. வயதுக்குச் சான்றிதழ் இல்லாதபோது பல்லையும் எலும்பையும் பார்த்து வயது குறிக்கிற மருத்துவப் பரிசோதனை உண்மையிலேயே உண்டு. சுழி பார்க்கிற வேலையையும், அதாவது பெண் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவளா என்று விரல் விட்டுப் பார்ப்பதையும், இந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் 'இருவிரல் பரிசோதனை' என்ற பேரில் பல காலம் செய்துகொண்டிருந்தன. அது தவறு என்று 2013-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2022 அக்டோபரில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இனிச் செய்கிற மருத்துவரை ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாக்க வேண்டும் என்றது.

'கட்டி வைக்கிற' தீர்ப்பை உங்கள் கதையில் வெறும் முட்டாள்தனமாகக் காட்டியிருக்கிறீர்கள். அதற்குள் ஒரு கணக்கு இருப்பதைக் கவனியுங்கள். நம் சட்டத்தில், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 375, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 63, ஒரு விதிவிலக்கு உட்கார்ந்திருக்கிறது. மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் கணவன் அவளோடு பலவந்தமாக உறவு கொண்டாலும் அது வன்புணர்வு ஆகாது. ஆக, தாலி கட்டிவிட்டால் நேற்றுக் குற்றமாக இருந்தது நாளையிலிருந்து குற்றமில்லை. பஞ்சாயத்தில் ஒரு படித்த ஆளை உட்கார வைத்து, ஏதாவது ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதை அவர் வாயால் மெதுவாக விளக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லட்டும்.

இப்போது தலைகீழாக்குவதைப் பற்றி. இந்த உத்தி பழசு. பழசாக இருப்பது குற்றமில்லை. ஆனால் உங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் காணாமல் போய்விட்டது. மாணிக்கம் எந்த வீட்டுப் பையன்? நிலக்காரர் வீடான தோட்டத்துச் சாளையில் பிறந்தவனா, தலித் குடியிருப்பான வளவில் பிறந்தவனா? கரும்புக்காடு யாருடையது? கொங்கில் இதைச் சொல்லாமல் அதிகாரத்தைப் பற்றி எழுதினால், மஞ்சள் மண்டியைப் பற்றி எழுதி மஞ்சளை விட்டுவிட்ட மாதிரி. 2015 ஜூனில் திருச்செங்கோட்டில், வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் ஒருவரைக் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. 2022 மார்ச்சில் மதுரையில் ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அவர் ஆண்தான். ஆணாக இருந்தது அவருக்கு எதற்கும் உதவவில்லை. உங்கள் மாணிக்கம் வளவுப் பையனாகவும் அந்த நால்வரில் மூத்தவள் பண்ணாடி (நிலக்காரர்) வீட்டுப் பெண்ணாகவும் இருந்தால், பஞ்சாயத்து அவளை அவனுக்குக் கட்டி வைக்கத் தீர்ப்புச் சொல்லுமா? தலைகீழ் ஊரிலும் சொல்லாது. அந்த இடத்தில் உங்கள் கதை திக்குகிறது பாருங்கள், உண்மையான கதை அங்கிருந்துதான் ஆரம்பம்.

இன்னொன்று, சட்டம் தெரிந்தவர்கள் மட்டும் கசப்போடு சிரிக்கக்கூடிய இடம். மாணிக்கம் தலைகீழ் ஊரை விட்டுத் தப்பி, நம்முடைய நிஜ ஊர் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுக்கட்டும். ரைட்டர் எந்தப் பிரிவில் போடுவார்? பிரிவு 63-இல் செய்கிறவன் ஆண், பாதிக்கப்படுகிறவர் பெண். பதினெட்டுக்குக் கீழே என்றால் 2012-இன் போக்சோ சட்டம் ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு, மாணிக்கத்துக்கு இருபதாகிவிட்டது. பழைய சட்டத்தில் இயற்கைக்கு மாறான உறவு பற்றி 377 என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதற்கு இணையான பிரிவே இல்லை. ரைட்டர் பக்கங்களைப் புரட்டுகிறார், டீ வருகிறது, மறுபடி புரட்டுகிறார். கடைசியில் காயப்படுத்தியது, அடைத்து வைத்தது என்று எழுதிக்கொள்கிறார். "தம்பி, உங்களுக்கு நடந்தது எங்க புஸ்தகத்துல இல்லீங்களே" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொல்ல வேண்டும். வருத்தம் உண்மையாக இருக்கட்டும். அவரைக் கோமாளியாக்கினால் கதை கெட்டுப்போகும்.

மில் பக்கமும் ஒரு எட்டுப் போய் வாருங்கள். நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்து, ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை கொடுப்பதாகச் சொன்ன ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்றே பேர் வைத்திருந்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் நின்றுவிட்டால் தொகை கைக்கு வராமல் போன கதைகள் ஏராளம். இந்தப் பேருக்கு மேல் எந்த எழுத்தாளன் என்ன நையாண்டி செய்துவிட முடியும்?

மாமாவுக்கு வருவோம். ஊர் மானம் போகும் என்கிறார். அவரைத் திட்ட வேண்டாம், ஊர் மேல் அவருக்கு நிஜமாகவே பாசம் இருக்கும். வாச்சாத்தியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாமா என்ன சொல்வார் தெரியுமா? "அது தருமபுரிங்க, நம்ம பக்கமில்லை." பொள்ளாச்சி என்றால்? "அது அந்தப் பசங்க." 2025 மே 13-ஆம் தேதி ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்த கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இந்த மாமாவைக் கதைக்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள். "போச்சாது வுடுங்க" (போனால் போகிறது விடுங்கள்) என்று பத்து வரிக்கு ஒருதரம் சொல்லட்டும். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாவிட்டாலும் அந்தச் சொல்லை மாற்றாதீர்கள்.

எழுதினால் வம்பு வருமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வரலாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். நாலு வருஷம் கழித்துத் திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்லில் கூட்டிய கூட்டத்துக்கு 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று பேர். பேசித் தீர்த்தார்கள். நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துப்போனான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. புத்தகம் பிடிக்காதவர்கள் படிக்காமல் விடலாம், அவர் எழுதட்டும் என்றது. அங்கேயும் துண்டுதான். உள்ளே போனது எழுத்தாளன் கை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டிய சட்டம் வேறு. பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி எதையும் அச்சிடக் கூடாது. பழைய 228-ஏ, இப்போது பிரிவு 72, இரண்டு வருஷம் வரை சிறை. பேரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊர், கல்லூரி, அப்பன் தொழில் மூன்றும் சேர்ந்தால் நம்ம ஊரில் வீட்டு வாசலுக்கே வழி சொன்ன மாதிரி. பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பேரை வெளியே சொன்னது போலீஸ் தரப்பு. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நிஜ வழக்கிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக் கதையில் வைத்தால், நீங்களும் அவளைக் கேட்காமல் துண்டைப் போட்டவர் ஆகிறீர்கள்.

'கற்பழிப்பு' என்ற சொல்லை நீங்கள் பதினொரு இடத்தில் போட்டிருக்கிறீர்கள், எண்ணினேன். பஞ்சாயத்தார் சொல்லட்டும், ரைட்டர் சொல்லட்டும், மாமா சொல்லட்டும். கதை சொல்லுகிற குரல் ஒருதரம்கூடச் சொல்லக் கூடாது. வாசகர் அதைக் கவனிக்காமலேயே அவருக்கு வித்தியாசம் தெரியும்.

சின்னதாக ஒன்று. உங்கள் பஞ்சாயத்து கரும்பு ஆலைக்காட்டில் நடக்கிறது, எல்லோரும் டபராவில் காபி குடிக்கிறார்கள். ஆலை ஓடுகிற நாளில் கவுந்தப்பாடியில் யார் தம்பி காபி குடிக்கிறார்கள்? கொப்பரையில் பாகு கொதிக்கிற வாசம் மூக்கை அடைக்கும், சாறு சொம்பில்தான் வரும். முதல் சொம்பு மாணிக்கத்தின் அப்பனுக்குப் போகட்டும். எதிர்த்தரப்புப் பெரியம்மா தன் கையால் நீட்டட்டும், "வெயிலுங்க, குடிங்க" என்று.